சகலைக்கு மூன்று வீடு

மார்ச் 3, செவ்வாய்

சகலை மூன்றாவது வீடு வாங்கிவிட்டான்.

என் யூனிஃபார்ம் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே மனைவி சொன்னாள். அவள் தங்கை காலையில் போன் செய்தாளாம். இரண்டு ரூம், புது பெயின்ட், வாடகைக்கு ஆள்கூடத் தயார். சொல்லிக்கொண்டே காலரை அழுத்தித் தேய்த்தாள். "அப்படியா, நல்லது" என்றேன். ஷூ நாடாவைக் கட்டினேன். கட்டியதை அவிழ்த்து மறுபடியும் கட்டினேன்.

அவன் பஞ்சர் ஒட்டுகிறவன். இழிவாக எழுதவில்லை. இல்லை, இழிவாகத்தான் எழுதுகிறேன், இதை யார் படிக்கப்போகிறார்கள்? நான் டிப்ளமா படித்தவன். பதினாறு வருடமாக லிஃப்ட் கம்பெனியில் சர்வீஸ் மெக்கானிக். மாதச் சம்பளம், சேமநிதி, கழுத்தில் அடையாள அட்டை. இருபத்தெட்டு கட்டடங்களில் மனிதர்கள் மேலே போவதும் கீழே வருவதும் என் கையில் இருக்கிறது. குடியிருப்பது மட்டும் வாடகை வீட்டில். அதில் குளியலறைக் கதவு முழுசாக மூடாது, உள்ளே இருப்பவர் பாடிக்கொண்டே குளிக்கவேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

நேரில் அவனை "வாங்க தம்பி, உக்காருங்க தம்பி" என்றுதான் சொல்வேன். நாட்குறிப்பில் அந்த மரியாதை கிடையாது.

மார்ச் 4, புதன்

இன்று இரண்டு தடவை தப்பான அளவு ஸ்பானரை எடுத்தேன். மூன்று வீடு!

மார்ச் 8, ஞாயிறு

போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். போகாமல் இருந்தால் பொறாமை என்று நினைப்பார்களே.

வீட்டில் குறை தேடினேன். சமையலறைத் தொட்டியில் தண்ணீர் மெதுவாக இறங்குகிறது, அது ஒன்றுதான் கிடைத்தது. அதை இரண்டு தடவை சொன்னேன். "ஆமாண்ணா, நாளைக்கு ஆள் வர்றார்" என்று சிரித்தான். அவன் சிரிப்பில் ஒரு கள்ளமும் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கொஞ்சம் பீற்றிக்கொண்டால் நானும் நிம்மதியாகத் திட்டிக்கொண்டு வந்திருப்பேன்.

ஒரு நாணயத்தை வைத்து ஒவ்வொரு சுவராகத் தட்டிக் காட்டினான். வெற்றுச் சத்தம் வந்தால் பூச்சு உள்ளே செங்கல்லை விட்டு விலகியிருக்கிறதாம். யாரிடம் கற்றான் இதையெல்லாம்? பிறகு என்னைத் தனியாக அழைத்து, "நீங்களும் ஒண்ணு பாருங்கண்ணா. ஒண்ணு வாங்கிட்டா ரெண்டு வருஷம் அடுத்ததப் பத்தி நினைக்கவே மாட்டேன் நான். நாலு மாசம் காலியா கெடந்தாலும் தவணை கட்ட முடியுதான்னு பாத்துட்டுதான் அடுத்தது" என்றான்.

நான் கேட்டேனா?

திரும்பும் வழியில் மனைவி, தங்கையின் புது அலமாரியைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். அவள் குரலில் எரிச்சலே இல்லை. இவளுக்கு எப்படி வராமல் இருக்கிறது என்று புரியவில்லை. 

வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளில் எழுதினேன்: ஐந்து வருடத்தில் ஐந்து வீடு. ஆறாவது வருடம் வேலையை விடுவது.

ஏன் ஐந்து? அவனிடம் மூன்று இருக்கிறது. நான் ஆரம்பிப்பதற்குள் நான்காக்கிவிடுவான். ஆகவே ஐந்து. இதைவிடத் தெளிவான திட்டம் யாரிடம் இருக்கும்?

மார்ச் 12, வியாழன்

நல்ல செய்தி ஒன்று தானாக வந்து மடியில் விழுந்திருக்கிறது.

கோயில் மாதிரி அமைதியாக இருக்கும் அந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் இன்று சர்வீஸ். அங்கே ஐந்தாவது மாடியில் கணக்கு டீச்சர் ஒருவர் தனியாக இருக்கிறார். ஓய்வு பெற்றவர், இரண்டு முழங்காலும் தகராறு. ஒவ்வொரு மாதமும் நான் மொட்டைமாடி மெஷின் ரூமிலிருந்து இறங்கும்போது கூப்பிட்டுக் குடிக்கத் தண்ணீர் கொடுப்பார். இன்று தண்ணீரோடு, "தம்பி, வீட்ட வித்துட்டுப் பொண்ணு வீட்டுக்குப் போயிடலாம்னு இருக்கேன், யாராவது நல்லவங்க இருந்தா சொல்லுங்க" என்றார்.

நல்லவன் எதிரில்தான் நிற்கிறான் என்று சொன்னேன். சிரித்தார். இருபத்தெட்டு லட்சம். ஏப்ரல் கடைசி வரைக்கும் எனக்காகக் காத்திருப்பார், ஆனால் நடுவில் வேறு யாராவது வந்து கேட்டால் வீட்டைக் காட்டத்தான் செய்வார். அவரும் பிழைக்கவேண்டுமே.

இந்தக் கட்டடம் எனக்கு உள்ளங்கை மாதிரி. லிஃப்ட் குழியில் ஒரு மழைக்குக்கூடத் தண்ணீர் நின்றதில்லை, அஸ்திவாரம் அவ்வளவு நன்றாக இருக்கிறது. மோட்டார் இன்னும் பத்து வருடம் ஓடும். பஞ்சர் கடைக்காரன் நாணயத்தால் தட்டித் தெரிந்துகொள்வது எனக்கு முன்பே தெரியும்.

மார்ச் 13, வெள்ளி

மனைவியிடம் மட்டும் சொன்னேன், எந்தக் கட்டடம் என்பதைச் சொல்லவில்லை. தங்கையிடம் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன். அவனுக்குத் தெரிந்தால் மறுநாளே நாணயத்தோடு போய் நிற்பான்.

மார்ச் 19, வியாழன்

வங்கி. கடன் பிரிவில் ஒரு அம்மா, மூக்கின் நுனியில் கண்ணாடி. என் ஐந்து வீட்டுத் தாளை எடுத்து நீட்டினேன். படித்தார். சிரிக்கவில்லை, அதற்கு நன்றி சொல்லவேண்டும். பேனாவை எடுத்து "ஐந்து" என்ற இரண்டு சொல்லையும் அடித்துவிட்டு, "முதல்ல ஒரு வீடு. அது மூணு மாசம் காலியா இருந்தா உங்க சம்பளத்துல தவணை கட்டிட்டு வீட்டுச் செலவும் பாக்க முடியுமா? அதச் சொல்லுங்க" என்றார்.

இவரும் அவன் பாஷையே பேசுகிறார். எங்கே படித்தார்கள் இரண்டு பேரும்?

முடியும் என்றேன். சேமிப்பு ஐந்து லட்சம் இருக்கிறது, பாக்கி இருபத்துமூன்று லட்சம் கடனாக வேண்டும், பத்திரச் செலவுக்குச் சேமநிதியில் எடுத்துக்கொள்வேன் என்றேன். சம்பளச் சீட்டுகளைப் பார்த்தார். தலையை ஆட்டினார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிவிட்டு, "நீங்க இன்னொரு வீட்டுக் கடனுக்கு ஜாமீன் போட்டிருக்கீங்களே சார்" என்றார்.

அவனுடைய இரண்டாவது வீடு!

அந்த ஜாமீன் இருக்கும்வரை எனக்குப் பத்தொன்பது லட்சத்துக்கு மேல் தர முடியாதாம். அவன் கடன் முடிந்து ஜாமீன் நீங்கினால் இருபத்துமூன்று தாராளமாகத் தரலாமாம். என் சம்பளத்தில் ஒரு பங்கு நான்கு வருடமாக அவன் வீட்டுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு நிற்கிறது, எனக்கே தெரியாமல்.

தெரியாமல் என்று எழுதுவது பொய்.

மார்ச் 20, வெள்ளி

அந்தக் கையெழுத்து நன்றாகவே நினைவிருக்கிறது. அவனுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது, கடை வருமானத்தை வங்கி நம்பவில்லை. நிரந்தர வேலையில் இருக்கிற ஒருவர் ஜாமீன் நிற்கவேண்டும் என்றார்கள். எங்கள் வீட்டுக்கு வந்து, சோபாவின் நுனியில் உட்கார்ந்து, வெகுநேரம் சுற்றி வளைத்துக் கேட்டான். விரல் இடுக்கில் டயர்க் கறுப்பு. எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது அன்று! படித்துக்கூடப் பார்க்காமல் போட்டேன். "நம்ம கையெழுத்துக்கு இந்த மதிப்பாவது இருக்கேன்னு பாருங்க தம்பி" என்று வேறு சொன்னேன். தாராள மனசு என்று மாமியார் வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

அன்று நான் கொடுத்தது உதவி இல்லை போலிருக்கிறது. அவனைவிட ஒரு படி மேலே நிற்பதற்குக் கொடுத்த விலை.

மார்ச் 23, திங்கள்

கடைக்குப் போனேன். ஒரு பைக் சக்கரத்தைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, எனக்கு ஸ்டூலைத் தட்டிப் போட்டான். பக்கத்துப் பேட்டரி கடைக்காரர் எட்டிப் பார்த்து வணக்கம் சொன்னார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். வீடு வாங்கப்போகிறேன், உங்கள் கடன் குறுக்கே நிற்கிறது என்று இரண்டு வார்த்தை. நாக்கு வரவில்லை. எந்த வீடு என்று கேட்பான், விலை கேட்பான், அப்புறம் ஆலோசனை சொல்ல ஆரம்பிப்பான். "கம்பெனியில ஜாமீன் ஏதாவது இருந்தா முடிச்சுக்கச் சொல்றாங்க தம்பி" என்று ஒரு கதை விட்டேன்.

உடனே ஒப்புக்கொண்டான். நாலரை லட்சம்தான் பாக்கியாம், இன்னும் ஆறேழு மாதத்தில் மொத்தமாகக் கட்டிவிடுவானாம். "அவசரம் ஒண்ணும் இல்லையேண்ணா?" என்று கேட்டான்.

"இல்ல இல்ல" என்றேன்.

மடையன்! அவன் இல்லை, நான்.

ஏப்ரல் 2, வியாழன்

நான்கு லட்சம் குறைகிறது. கம்பெனியில் முன்பணம் கேட்டேன், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம், அதுவும் வைத்தியச் செலவுக்கு மட்டுமாம். மனைவி தன் நகையைப் பற்றிப் பேச்செடுக்கவே விடவில்லை. "ஒண்ணு மெதுவா வாங்குங்க, இல்ல வாங்காமயே இருங்க. யாரு துரத்துறா உங்கள?" என்று கேட்டாள்.

 அவளுக்கே தெரியும் யார் என்று.

ஏப்ரல் 9, வியாழன்

டீச்சர் வீட்டுக்கு வருகிற சனிக்கிழமை பதினோரு மணிக்கு யாரோ பார்க்க வருகிறார்களாம். புரோக்கர் மூலமாக. டீச்சருக்கே பெயர் தெரியாது. "நீங்களும் சீக்கிரம் சொல்லுங்க தம்பி, உங்களுக்குக் குடுத்தா எனக்கு நிம்மதி" என்றார்.

என் வீட்டை இன்னொருவன் பார்க்க வருகிறான். என் வீடு! ஒரு காசு கொடுக்கவில்லை, அதற்குள் என் வீடாம்.

ஏப்ரல் 11, சனி

செய்துவிட்டேன்.

பத்தரை மணிக்குப் போனேன். மெஷின் ரூமில் மெயின் சுவிட்சை இறக்கினேன். கீழே வந்து "பழுது — உபயோகிக்க வேண்டாம்" பலகையை மாட்டினேன். காவலாளியிடம் மோட்டாரில் ஏதோ சத்தம், பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். சர்வீஸ் நோட்டில் ஒன்றும் எழுதவில்லை. பதினாறு வருடத்தில் நோட்டில் எழுதாமல் நான் ஒரு லிஃப்டைத் தொட்டதில்லை.

எண்ணம் என்னவென்றால், வருகிறவன் ஐந்து மாடி ஏறி மூச்சு வாங்கட்டும். லிஃப்ட் தகராறு பிடித்த கட்டடத்தில் எவன் ஐந்தாவது மாடி வாங்குவான்? ஒரு மணிக்குத் திரும்பி வந்து சுவிட்சை ஏற்றிவிடலாம். ஒருவருக்கும் நஷ்டமில்லை.

ஆனால் பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன். லிஃப்டுக்குள் இரண்டு பேர் மாட்டிக்கொண்டார்கள். அதை முடித்துவிட்டு வருவதற்குள் மூன்றாகிவிட்டது.

டீச்சர் கீழே வாசலில் உட்கார்ந்திருந்தார். வருகிறவரைக் கூட்டிப்போகலாம் என்று பத்தேகாலுக்கே இறங்கி எதிர்க்கடைவரை போயிருக்கிறார், அதனால்தான் காலையில் என் கண்ணில் படவில்லை. அப்புறம் ஏற முடியவில்லை. நாலரை மணி நேரம். முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தது. காவலாளி நாற்காலியில், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருப்பதுபோல நேராக உட்கார்ந்திருந்தார்.

என்னைப் பார்த்ததும், "வந்துட்டீங்களா தம்பி, நல்லவேளை" என்றார்.

மெஷின் ரூமில் ஐந்து நிமிடம் சும்மா நின்றேன். அப்புறம் சுவிட்சை ஏற்றினேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு



மத்தியானம் மைத்துனி வீட்டில் சாப்பாடு. முடிந்ததும் பெண்கள் உள்ளே போய்விட்டார்கள். சகலை என்னை மொட்டைமாடிக்கு அழைத்துப்போனான். "அண்ணா, ஒரு வீடு அமைஞ்சிருக்கு" என்று ஆரம்பித்தான்.

அவன்தான். நேற்று வந்தது அவன்தான்!

ஐந்தாவது மாடி, டீச்சர் ஒருவர் விற்கிறார், லிஃப்ட் ஓடவில்லை, அவர் கீழேயே உட்கார்ந்திருந்தார். சாவியை வாங்கிக்கொண்டு தனியாகப் படியேறிப் பார்த்தானாம். இறங்கி வந்து, எதிர்க்கடையில் அவருக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்துவிட்டு, நான்கு லட்சம் குறைத்துக் கேட்டானாம். மோட்டார் என்றால் எல்லா வீட்டுக்காரர்களும் பங்கு போட்டுத்தான் மாற்றவேண்டும், அந்தப் பங்கு தன் தலையில் விழும் என்று சொன்னானாம். டீச்சர் ஒப்புக்கொண்டாராம். இருபத்துநான்கு. மூன்றாவதை வாங்கிய கையோடு நான்காவதா என்று கேட்டேன். ரெண்டு வருஷம் என்று சொன்னதெல்லாம் நினைவிருக்கிறதாம், ஆனால் இந்த விலைக்கு இது மறுபடி கிடைக்காதாம், முன்பணத்துக்கு ஐந்து லட்சம் எடுத்து வைத்திருக்கிறானாம்.

என் திட்டம் வேலை செய்துவிட்டது. அவனுக்காக.

 அப்போது அவன் கேட்டான்: "அங்க உங்க கம்பெனி போர்டப் பாத்தேண்ணா. உண்மையச் சொல்லுங்க, அந்த லிஃப்டு சின்ன ரிப்பேரா, பெருசா? நீங்க வேண்டாம்னு சொன்னா விட்டுடறேன். இதுல உங்களுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாது."

என்னை நேராகப் பார்த்துக் கேட்டான். இதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை, கம்பெனியில்கூட.

ஒன்றுமில்லை, நல்ல லிஃப்ட், தைரியமாக வாங்குங்கள் என்று சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன்?

"மோட்டார் போச்சு தம்பி. நேத்து ஏதோ ஓட்டி விட்டிருக்கேன். உள்ள காயில் கம்பியெல்லாம் கருகிக் கெடக்கு. ரெண்டு மாசம் தாங்குனா அதிகம். வேண்டாம்."

தடுமாறாமல் வந்தது. காயில் கருகினால் என்ன வாசனை வரும் என்றுகூடச் சொன்னேன்.

அவன் பெருமூச்சு விட்டான். "நல்லவேளை கேட்டேன்" என்றான். கீழே போய் எனக்கு இன்னொரு காபி போடச் சொன்னான்.

ஏப்ரல் 13, திங்கள்

 ஒன்றை ஒளிக்காமல் எழுதவேண்டும். நேற்று அந்த நிமிடத்தில், அவன் முகம் வாடியதைப் பார்த்தபோது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஏப்ரல் 17, வெள்ளி

டீச்சர் போன் செய்தார். பார்த்துவிட்டுப் போனவர் வேண்டாம் என்றுவிட்டாராம். குரல் சோர்ந்து இருந்தது. "லிஃப்ட் அடிக்கடி நிக்கும்னு யாரோ சொல்லிட்டாங்க போல. அவருக்கு ஒத்துக்கிட்ட விலைக்கே நீங்க எடுத்துக்கங்க தம்பி. இருபத்துநாலு. எனக்கு மறுபடி மறுபடி ஆளுங்களக் காட்டத் தெம்பில்ல."

பத்தொன்பதும் ஐந்தும் இருபத்துநான்கு. ஜாமீன் இருந்தாலும் வாங்கிவிடலாம். நானே உட்கார்ந்து கணக்குப் போட்டு ஏமாற்றியிருந்தாலும் இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது.

ஏப்ரல் 22, புதன்

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் சகலை சோபாவில் உட்கார்ந்திருக்கிறான். கையில் ஒரு கவர். நான்கு வருடத்துக்கு முன் உட்கார்ந்த அதே நுனியில்.

இரண்டாவது வீட்டுக் கடனை நேற்று முழுசாகக் கட்டிவிட்டானாம். முன்பணத்துக்கு எடுத்து வைத்த தொகை சும்மா இருந்ததாம். "நீங்க அன்னிக்கு அவசரம்னு சொல்லல, ஆனா கம்பெனியில கேக்கறாங்கன்னா உங்களுக்குச் சங்கடம்தானேண்ணா. அதான் முதல்ல இத முடிச்சுட்டேன்." ஜாமீன் நீங்கியது என்ற வங்கிக் கடிதத்தை இரண்டு கையாலும் கொடுத்தான்.

மனைவி அவனுக்குத் தட்டு வைத்தாள். நான் கை கழுவப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். குளியலறைக் கதவு வழக்கம்போல மூடவில்லை. பாட்டும் வரவில்லை.

ஏப்ரல் 23, வியாழன்

எல்லாவற்றையும் அவனே கொண்டுவந்து கொடுத்துவிட்டான். விலை குறைத்தது அவன். ஜாமீனை எடுத்தது அவன். விட்டுக்கொடுத்தது அவன். நான் செய்தது ஒரு சுவிட்சை இறக்கியதும் ஒரு பொய் சொன்னதும்.

சொல்லிவிடலாமா? சொன்னால் வீட்டை அவனுக்கே கொடுக்கவேண்டி வருமே. கொடுக்கமாட்டேன். ஐயோ, கொடுக்கமாட்டேன். எனக்கு நாற்பத்துமூன்று வயது. இந்த ஒரு வீடு போனால் அப்புறம் எனக்கு என்ன இருக்கிறது?

அப்படியானால் டீச்சரிடமாவது...

ஏப்ரல் 27, திங்கள்

காலையில் வங்கி. இருபத்துமூன்று லட்சம் சரி என்றுவிட்டார் கடன் பிரிவு அம்மா. ஐந்து வீட்டுத் தாளை இந்தத் தடவை நான் எடுத்துப்போகவில்லை.

அங்கிருந்து நேராக டீச்சர் வீட்டுக்குப் போய், இருபத்தெட்டே தருகிறேன் என்றேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கணக்கு தப்பா இருக்கே தம்பி. கம்மியா குடுக்கறேன்னு நானே சொல்லும்போது யாராவது அதிகம் தருவாங்களா?"

அந்த விலை லிஃப்டால் குறைந்தது, அந்த லிஃப்டில் கோளாறு எதுவும் கிடையாது, எங்கள் பக்கத்துத் தப்பு என்றேன். எங்கள் பக்கம் என்று சொன்னேன். நான் என்று சொல்லவில்லை. கம்பெனியின் முதுகில் ஒளிந்துகொண்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, இந்தக் காலத்தில் இப்படி ஒரு ஆளா என்று கண்கலங்கினார்.

இருபத்தெட்டு கொடுத்தும் கையைக் கூச்சமில்லாமல் இழுத்துக்கொள்ள முடியவில்லை.

மே 20, புதன்

பத்திரம் முடிந்தது. சாவி என் சட்டைப் பையில். இன்று முழுக்க ஒரு தடவைகூட அவனுடைய மூன்று வீடுகளை நினைக்கவில்லை. அப்படி எழுதியதுமே நினைத்துவிட்டேன்.

மனைவி தங்கைக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். இனிமேல் மறைத்து என்ன? ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறார்களாம். முகவரியை அவளே அனுப்பிவிட்டாள்.

மே 24, ஞாயிறு

அவர்கள் வந்தார்கள்.

அவன் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு மேலே பார்த்தான்.  "இதுவாண்ணா?" என்று மட்டும் கேட்டான். "ஆமா" என்றேன். மைத்துனியும் என் மனைவியும் பைகளோடு முதலில் லிஃப்டில் போய்விட்டார்கள். லிஃப்ட் மறுபடி இறங்கி வந்தது. நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

என் லிஃப்ட் அது. சத்தமே இல்லாமல் ஏறும். இரண்டாவது மாடி, மூன்றாவது மாடி. அவன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தான், சுவரைத் தட்டிக் கேட்பானே, அப்படி.

நான்காவது மாடி தாண்டும்போது, "புது மோட்டாராண்ணா?" என்றான்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவன் நம்பியிருப்பான், நம்புவதற்குத் தயாராகத்தான் கேட்டான்.

"இல்ல. பழசுதான். அதுக்கு ஒண்ணும் ஆகல. அன்னிக்கு நான்தான் சுவிட்ச எறக்கினேன். வர்றது நீங்கன்னு தெரியாது. தெரிஞ்சப்புறமும் பொய் சொன்னேன்."

கதவு திறந்தது. இரண்டு பேரும் வெளியே வந்தோம். உள்ளே பெண்கள் ஜன்னலைத் திறந்து மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். திட்டுவான் என்று நினைத்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேனேண்ணா" என்றான். பிறகு, "அந்த அம்மா அன்னிக்கு பாத்ரூம் போகக்கூட வழியில்லாம உக்காந்திருந்தாங்க" என்றான்.

வீட்டுக்குள் வரவில்லை. லிஃப்ட் கதவு திறந்தபடிதான் இருந்தது. அவன் படியில் இறங்கினான். ஐந்து மாடியும் செருப்புச் சத்தம் கேட்டது.

மே 25, திங்கள்

மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வெகுநேரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு வீடு வேணும்னு நெனச்சுட்டு இருந்தேன்" என்றாள். அவ்வளவுதான்.

ஜூன் 7, ஞாயிறு

இரண்டு நர்ஸ் பெண்கள் வாடகைக்கு வந்திருக்கிறார்கள். முதல் மாத வாடகை வந்தது. தவணைக்குப் பெரும்பாலும் சரியாகப் போகும், கொஞ்சம் நான் போடவேண்டும். மூன்று மாதம் காலியாக இருந்தாலும் சமாளிக்கலாம், கணக்குப் பார்த்துவிட்டேன்.

டீச்சருக்கு எல்லாவற்றையும் கடிதமாக எழுதிப் போட்டிருக்கிறேன். பதில் வரவில்லை.

ஜூன் 28, ஞாயிறு

அக்காவும் தங்கையும் பேசிக்கொள்கிறார்கள், அதில் குறைவில்லை. சகலை பேசுவதில்லை. கடை வழியாகப் போனால் தலையசைப்பார். ஸ்டூலைத் தட்டிப் போடுவதில்லை.

இன்று மனைவி சொன்னாள்: அவர்கள் இன்னொரு வீடு போய்ப் பார்த்தார்களாம். விலை நல்ல விலை. அவருக்கு மனசு ஆடிக்கொண்டே இருந்ததாம். பக்கத்துப் பேட்டரி கடைக்காரரைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினாராம். அந்த மனிதர் மேலே கீழே பார்த்துவிட்டு, மாடியில் ஒழுகும்போல இருக்கிறது, வேண்டாம் என்றாராம். சகலை மறுபேச்சு இல்லாமல் விட்டுவிட்டாராம். "அவர் சொன்னா சரியா இருக்கும்" என்று தங்கையிடம் சொன்னாராம்.

பேட்டரி கடைக்காரருக்கு வீட்டைப் பற்றி என்ன தெரியும்? ஆசிட் பட்டு ஓட்டை விழுந்த சட்டை. கடைக்குப் பின்னாலேயே ஒரு வாடகை ரூமில் இருக்கிறார். ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை.

காலையிலிருந்து அந்த மனிதரை நினைத்து வயிறு எரிந்துகொண்டிருக்கிறது.